நாலாவது தடவை

இளமாறன்தானே தம்பி? ஆப்புல உங்க பேரைப் பாத்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துச்சு. நியூஜெர்சியில இத்தனை வண்டி ஓடுது, இன்னைக்குன்னு பாத்து ஒரு தமிழ்ப் பிள்ளை. கொஞ்சம் வேகமாப் போங்க. பொழுது சாயறதுக்குள்ள அந்த வீட்டுக்குப் போயிடணும். இருட்டிட்டா அவங்க போனை எடுக்க மாட்டாங்க, கதவைத் தட்டினாலும் ஆள் இருக்காது, குடும்பத்தோட ஜெபக்கூடத்துக்குப் போயிடுவாங்க. அவங்க யூதர்கள். என் பொண்ணு அங்கதான் இருக்கா.

ஏசி வேண்டாம். மடியில சாப்பாடு இருக்கு, ஆறிடும்.

பொண்ணு பேர் சம்யுக்தா. சம்மு. பதினாறு வயசு. ஓடிப்போயிட்டான்னு நினைச்சுக்காதீங்க, சினேகிதி வீட்டுலதான் இருக்கா. அவ அப்பாவே ஸ்கூல் பையையும் துணியையும் கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தார். "கொஞ்ச நாள் இருக்கட்டும் குமுதா"ன்னாரு. எவ்வளவு நாள் தம்பி? வீட்டுல அவ ரூம் கதவைத் திறந்து திறந்து மூடறேன். குக்கர் வச்சா மூணு பேருக்கு அரிசி போட்டுடறேன். அவர் காரைக் கேட்டேன், கொடுக்கலை. "அவ கூப்பிட்டா நானே கூட்டிட்டுப் போறேன், கூப்பிடாம போகாதே"ங்கறார். பெத்த பொண்ணைப் பாக்க அழைப்பிதழ் வேணுமாம்.

எல்லாம் அந்தச் சென்டரால வந்தது. யூதர்கள் நடத்துற சமூக மையம், பெரிய இடம். நீச்சல் குளம் இருக்கு, குழந்தைங்க பள்ளி இருக்கு, வயசானவங்களுக்குச் சீட்டு விளையாட ஹால் இருக்கு. யூதர்கள்தான் வரணும்னு இல்ல, நம்ம ஆளுங்க குழந்தைங்களே அங்க ஏராளம். நான் முதல்ல மழலையர் வகுப்புல உதவிக்குப் போனேன். திண்டுக்கல்லுல நான் சாரணியர் டீச்சர் தம்பி. பதினோரு வருஷம். என் விசில் சத்தம் கேட்டா ரோட்டுல போற சைக்கிள் நிக்கும். இங்க டைரக்டர் ஜூடித்னு ஒரு அம்மா, நல்ல மனுஷி, அப்ப நல்ல மனுஷி. நான் குழந்தைங்களை வரிசையில நிறுத்துறதைப் பாத்துட்டு, "பெரிய பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கறியா"ன்னு கேட்டா.

என்ன பயிற்சின்னா, ஞாயித்துக்கிழமை காலையில ஆறேழு வயசுக் குழந்தைங்களுக்குக் கிளப் நடக்கும். பாட்டு, விளையாட்டு, கைவேலை. அதைப் பெரியவங்க நடத்த மாட்டாங்க. பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்கதான் தலைவர்கள். அந்தப் பசங்களைத் தலைவராக்குறது என் வேலை. ஒரு குழந்தை அழுதா என்ன செய்யறது, ரெண்டு குழந்தை அடிச்சுக்கிட்டா எங்க நிக்கறது, யாரும் பேசாத குழந்தையை எப்படி விளையாட்டுக்குள்ள இழுக்கறது, இதெல்லாம். நான் எடுத்த வருஷம் கிளப் கடிகாரம் மாதிரி ஓடுச்சு. தாய்மார்கள் என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடாத குறை.

சம்முவை நான்தான் சேத்து விட்டேன். அவ எங்க வருவா, ரூமுக்குள்ள படம் வரைஞ்சுக்கிட்டே கிடப்பா. நாலு பேர் முன்னாடி நின்னு பேசத் தெரியலைன்னா இந்த ஊர்ல எப்படிப் பிழைக்கறது? அதுக்காகத்தான். சொந்தப் பொண்ணுன்னு சலுகை காட்டறான்னு ஒரு நாக்கு பேசிடக்கூடாது பாருங்க, அதனால மத்த பசங்களை ஒண்ணு சொன்னா அவளை நாலு சொல்வேன். டீச்சர் பிள்ளைங்க எல்லாருக்கும் உள்ளதுதானே. என் கூட வேலை பாத்த கணக்கு டீச்சர் மகனுக்குத்தான் கிளாஸ்ல முதல் அடி விழும். அவன் இப்ப டாக்டர்.

இங்க இடது பக்கம் திரும்பணும்னு நினைக்கறேன். மேப் சொல்லுதா? சரி, சரி.

வட்டத்தைப் பத்திச் சொல்லணும். ஜூடித் வச்ச வழக்கம் அது. ஒவ்வொரு பயிற்சி முடியும்போதும் எல்லாரும் தரையில வட்டமா உக்காரணும். ஒரு சின்ன பேட்டரி விளக்கு கை மாறி வரும். விளக்கு யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசலாம், மனசுல உள்ளதை. அங்க பேசினது அந்த ரூமை விட்டு வெளியே போகக்கூடாது. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லலை. ஜூன் மாசம் ஒருநாள் விளக்கு சம்மு கையில வந்துச்சு. எப்பவும் அவ பேசாம தள்ளிவிட்டுடுவா. அன்னைக்கு விளக்கைப் பிடிச்சுக்கிட்டே சொல்றா, இங்கிலீஷ்ல: "குழந்தைங்க முன்னாடி நின்னா எனக்கு மூச்சு முட்டுது. எங்கம்மா பாத்துக்கிட்டு இருந்தா இன்னும் முட்டுது. நான் தலைவரா இருக்க விரும்பலை."

அத்தனை பேரும் என்னைப் பாக்கறாங்க. ஆனா நான் வாயைத் திறக்கலை. விதின்னா விதி. வீட்டுக்கு வந்தும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. கேட்டுப் பாருங்க யாரை வேணா.

அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சேன்னா, அந்தப் பயத்தைப் போக்கணும்னு நினைச்சேன். தாய்தானே, வேற யார் போக்குவா? கைதட்டிப் பாடற விளையாட்டு ஒண்ணு உண்டு, அதை நடத்தச் சொல்லி சம்முவைக் குழந்தைங்க முன்னாடி நிறுத்தினேன். குரலே வரலை. "திரும்பச் சொல்லு"ன்னேன். காத்துதான் வருது. "திரும்ப." உதடு அசையுது, சத்தம் இல்ல. விட்டுட்டா ஆயுசுக்கும் அந்தப் பயம் போகாது தம்பி. அப்பதான் எனக்கு ஒரு யோசனை தோணுச்சு, இன்னைக்கு வரைக்கும் அது நல்ல யோசனைன்னுதான் நினைக்கறேன். குழந்தைங்களைப் பாத்து, "உங்க தலைவி உங்களைக் கண்டு பயப்படறா, நாம அவளுக்குத் தைரியம் சொல்வோமா"ன்னு கேட்டேன். குழந்தைங்க எல்லாம் கையைத் தட்டி, "பயப்படாதே சம்மு, பயப்படாதே சம்மு"ன்னு ராகம் போட ஆரம்பிச்சுதுங்க. அவ்வளவு அழகா இருந்துச்சு. அவ கல்லு மாதிரி நிக்கறா, கண்ணுல தண்ணி ஓடுது. ஓடட்டும், அதோட பயம் போகட்டும்னு நான் நிறுத்தச் சொல்லலை.

ரிவ்காதான் எழுந்தா. பயிற்சியில இருந்த பொண்ணு, சம்மு வயசுதான், நெட்டையா இருப்பா. யாரையும் கேக்காம நேரா நடந்து வந்து, சம்மு கையைப் பிடிச்சு வெளியே கூட்டிக்கிட்டுப் போயிட்டா. என்னைக் கடந்துதான் போனா, என்னைப் பாக்கக்கூட இல்ல. போனவ அங்கேயே நிக்காம ஜூடித்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டா. வட்டத்துல சம்மு சொன்னதையும் நான் அதை வச்சு என்ன செஞ்சேன்னும்.

என்னைக் கேட்டாங்க. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், ஒளிக்க என்ன இருக்கு. ஜூடித் கேட்டுட்டு, "குமு, இனிமே நீ பெரிய பசங்களோட வேலை செய்ய வேண்டாம்"னா. இப்ப நான் வாசல் மேசையில உக்காந்து, வர்றவங்க கார்டை மெஷின்ல தேய்க்கறேன். என் பசங்க என்னைத் தாண்டித்தான் உள்ளே போறாங்க. "ஹாய் மிஸ் குமு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்த "ஹாய்" எப்படிக் குத்தும்னு உங்களுக்குத் தெரியாது.

கோடை முழுக்க சம்மு என்கிட்ட பேசலை. சாப்பாடுன்னா தட்டை எடுத்துக்கிட்டு மேலே போயிடுவா. நானும் பேசலை. யார் முதல்ல இறங்கறதுன்னு ஒரு இது.

செப்டம்பர்ல அவங்க புது வருஷம் வரும். அதுக்கு முன்னாடி ரிவ்கா ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்னா. "மிஸ் குமு, நான் உங்களுக்கு ஒரு தப்பு பண்ணினேன். உங்ககிட்ட முதல்ல பேசாம உங்க முதுகுக்குப் பின்னாடி போய்ச் சொன்னேன். என்னை மன்னிப்பீங்களா"ன்னு கேட்டா. அப்படியே நிமிர்ந்து நின்னு கேக்கறா.

நான் கேட்டேன், "அப்ப ஜூடித்கிட்ட போய், சொன்னது பொய்யின்னு சொல்லிடறியா?"

"பொய் இல்லையே. சொன்னது உண்மைதான். சொன்ன விதத்துக்குத்தான் மன்னிப்பு கேக்கறேன்"ங்கறா.

இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க. செஞ்சது சரியாம், ஆனா மன்னிப்பு வேணுமாம். "பாக்கலாம்"னேன். நம்ம ஊர்ல பாக்கலாம்னா என்ன அர்த்தம்? இப்ப இல்ல, அப்புறம் வா, அவ்வளவுதானே. அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

ரெண்டாவது தடவை புது வருஷம் முடிஞ்ச மறுநாள். கையில தேன் கேக்கு, அவ அம்மா செஞ்சது. திரும்ப அதே கேள்வி, அதே மாதிரி நிமிர்ந்து. எனக்கு உள்ளுக்குள்ள இளகத்தான் செஞ்சுது, நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. ஆனா உடனே சரின்னு சொல்லிட்டா அதுக்கு என்ன மரியாதை? நாம சாப்பிடக் கூப்பிட்டாலே வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவை சொல்லிட்டு, நாலாவது தடவை கையைப் பிடிச்சு இழுத்தாத்தானே உக்காருவோம்? முதல் தடவையே உக்காந்தா அலைஞ்சான்னு ஆயிடும். கேக்கை வாங்கி வச்சுக்கிட்டேன். "இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல"ன்னேன். இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை நடக்கட்டும், நாலாவது தடவை வரும்போது கட்டிப் பிடிச்சுச் சரின்னு சொல்லிடுவோம்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன் தம்பி. சத்தியமா முடிவு பண்ணிட்டேன்.

மூணாவது தடவை வீட்டுக்கே வந்தா. மணி அடிச்சுது, கதவைத் திறக்கறேன், வாசல்ல ரிவ்கா. அவளுக்குப் பின்னாடி மூணு பேர். கடைசித் தடவை கேக்கும்போது சாட்சி மாதிரி மூணு பேரைக் கூட்டிக்கிட்டு வரணுமாம், அது எனக்கு அப்பத் தெரியாது. ரெண்டு பேர் பயிற்சியில இருந்த பசங்க. மூணாவது ஆள் யாருன்னு நினைக்கறீங்க? என் பொண்ணு. என் வீட்டு வாசல்ல, அவங்க பக்கம், பையை மாட்டிக்கிட்டு, யாரோ அந்நியப் பொம்பளையைப் பாக்கற மாதிரி என்னைப் பாத்துக்கிட்டு நிக்கறா.

ரிவ்கா கேட்டா. அவ கேட்டது என் காதுலயே விழலை. எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் சம்மு நிக்கற இடம்தான். "முடியாது"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். தாப்பாளும் போட்டேன். சாத்தினப்புறம்தான் உறைச்சுது, என் பொண்ணு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கா. திறந்து பாத்தா யாரும் இல்ல. அன்னைக்குப் போனவதான்.

நான் நாலாவது தடவைக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். மேசையில உக்காந்து வாசல் கதவையே பாத்துக்கிட்டு இருப்பேன். ரிவ்கா வருவா, கார்டைக் கொடுப்பா, "ஹாய் மிஸ் குமு"ன்னுட்டுப் போவா. அவ்வளவுதான். மூஞ்சியில கோபமும் இல்ல. பாரத்தை இறக்கி வச்ச ஆள் மாதிரி நடக்கறா. பொறுக்க முடியாம ஜூடித்கிட்ட போய், "அந்தப் பொண்ணு திரும்ப வரலையே"ன்னு கேட்டேன். ஜூடித் என்னை ஒரு மாதிரி பாத்துச் சொன்னா: "இனிமே வர மாட்டா குமு. மனசாரக் கேட்டா மூணு தடவையோட எங்க கடமை முடிஞ்சுது. மன்னிப்புக் கொடுக்காதவங்க பக்கம்தான் இனிமே அந்தத் தப்பு." இதை ஊழியர் கூட்டத்துல வருஷா வருஷம் சொல்வாளாம். நான் அந்தக் கூட்டத்துல பின்னாடி உக்காந்து குழந்தைங்களுக்கு ஜூஸ் டப்பா எண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்.

என் பக்கமாம் தம்பி. வேலை போனது எனக்கு, பொண்ணு போனது எனக்கு, பழியும் என் பக்கம்.

இன்னைக்குச் சாயங்காலம் அவங்களோட பெரிய விரதம் ஆரம்பிக்குது. யோம் கிப்பூர். தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. சாமிக்குச் செஞ்ச தப்புக்குச் சாமிகிட்ட கேக்கலாம், மனுஷனுக்குச் செஞ்ச தப்புக்கு மனுஷன்கிட்டதான் கேக்கணும், அதுவும் இருட்டறதுக்குள்ள. சம்முவும் அவங்களோட பட்டினி கிடக்கப் போறாளாம், அவ அப்பாகிட்ட சொல்லியிருக்கா. புரட்டாசி சனிக்கிழமை ஒரு வேளை சாப்பிடாம இருடின்னா மூஞ்சியைத் தூக்குற பொண்ணு. அதான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கிட்டு வந்திருக்கேன், உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கு. அவங்க வீட்டுப் பாத்திரத்துல நம்ம சாப்பாடு படக்கூடாது, அது எனக்குத் தெரியும். பேப்பர் தட்டும் கொண்டு வந்திருக்கேன். வாசல்ல வச்சே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டான்னா எனக்குப் போதும்.

போனதும் ரிவ்காகிட்ட, "உன்னை மன்னிச்சுட்டேன்"னு சொல்லப் போறேன். அவளாக் கேக்காமலே. பாருங்க, எவ்வளவு இறங்கியிருக்கேன்னு. அதைச் சொல்லிட்டா சம்மு வந்துடுவா. வராம எங்க போவா?

என்ன கேட்டீங்க?

நானா? யார்கிட்ட, சம்முகிட்டயா? எதுக்கு?

கோபம் இல்ல தம்பி, நீங்க சின்னப் பிள்ளை, தெரியாமக் கேக்கறீங்க. பெத்தவ பிள்ளைகிட்ட மன்னிப்பு கேக்கறது நமக்கு எங்க இருக்கு? எங்கம்மா என்னை விளக்குமாத்தால அடிச்சிருக்கா, தெருவே பாத்துச்சு. கேட்டாளா? சாயங்காலம் என் தட்டுல ரெண்டு பக்கோடா கூட வைப்பா. நான் புரிஞ்சுக்குவேன். நானும்தான் சாதம் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். அதுல இல்லையா? அவளுக்குத் தெரியாதா அது? வாயால சொன்னாத்தான் உண்டா? எனக்கு வாயில வர மாட்டேங்குதே தம்பி. நேத்துக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன், தமிழ்ல, இங்கிலீஷ்ல. உதடுதான் அசையுது.

அந்தப் பச்சைக் கதவு வீடுதான். இங்கேயே ஓரமா நிறுத்துங்க. லைட் எரியுது, இருக்காங்க, அப்பாடா.

கதவைத் திறக்கறாங்க. வெளியே வர்றாங்க தம்பி. எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்காங்க பாருங்க, கால்ல துணி ஷூ, இன்னைக்குத் தோல் செருப்பு போடக்கூடாதாம். கிளம்பிட்டாங்க. நடந்துதான் போவாங்க. அதுதான் ரிவ்கா, நெட்டையா. அவ அம்மா, அப்பா. சம்மு. வெள்ளைச் சட்டை போட்டிருக்கா. மெலிஞ்சிருக்காளே.

பாத்துட்டா. நம்ம வண்டியைப் பாத்துட்டா. ரிவ்காகிட்ட என்னமோ சொல்றா, அவங்கள்லாம் முன்னாடி நடக்கறாங்க. இவ நிக்கறா. எனக்காகத்தான் நிக்கறா தம்பி, வேற யாருக்காக? நான் இங்கேர்ந்தே பேசறேன். இந்தக் கண்ணாடியை இறக்குங்க. முழுசா இறக்குங்க.

சம்மு.

சம்மு, இங்க பாரு. நான்... நான் வந்து...

என்னடி இது, தலையை இப்படி விரிச்சுப் போட்டுக்கிட்டு நாலு பேர் இருக்கற இடத்துக்குப் போறே? பின்னிக்கக்கூடாது? அந்தப் பொண்ணு எவ்வளவு ஒழுங்காப் பின்னியிருக்கா பாரு.

சம்மு. ஏ, சம்மு, போகாதே. சாப்பாடு கொண்டு வந்திருக்கேன். சம்மு.

நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க தம்பி? நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே? தலையைப் பின்னிக்கோன்னு ஒரு தாய் சொல்லக்கூடாதா? அதுக்கு முன்னாடி வேற சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீங்க பாத்தீங்கல்ல, திறந்தேன்.

வண்டியை எடுக்காதீங்க. எவ்வளவு வேணாலும் கொடுத்துடறேன், எடுக்காதீங்க. அவ அவங்களை எட்டிப் பிடிக்கற வரைக்கும் போகட்டும். அந்த முனையில கண்டிப்பாத் திரும்பிப் பாப்பா. இருட்டிக்கிட்டு வருது, லைட்டை மட்டும் அணைச்சுடாதீங்க, நாம நிக்கறது அவளுக்குத் தெரியணும்.